சிறைவாசிகளுக்கு வீடியோ வழியாக மனநல சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயனாவரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, சிறையில் இருப்பவர்களோடு வீடியோவில் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. நான் உளவியலாளர், டாக்டர் இல்லை. மாத்திரை எழுதித் தர மாட்டேன். எந்தச் சிறை, யார் செய்த ஏற்பாடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அதைச் சொன்னால் உள்ளே இருப்பவரைக் கை காட்டியது மாதிரி ஆகிவிடும். உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு போட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள், கல்யாணமாகி ஆறு மாதத்தில் புருஷனை ரிமாண்டில் விட்டுவிட்டு வந்த பெண்கள், சில வக்கீல்கள், இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது மனு பார்க்கிற வீடியோ கால் மாதிரிதானே?

இல்லை. நீங்கள் வீட்டிலிருந்து அவரைப் பார்த்துப் பேசும் வீடியோ கால் வேறு, அது மனு, அதாவது நேர்காணல். கோர்ட்டில் காவல் நீட்டிப்புக்காக மாஜிஸ்ட்ரேட் முன்னால் திரையில் நிறுத்துவார்களே, அது இன்னொன்று, உள்ளே அதை 'வி.சி.' என்பார்கள். நான் சொல்வது மூன்றாவது. சிறையின் மருத்துவப் பிரிவோ சிறையில் வேலை பார்க்கும் உளவியலாளரோ ஒருவரை அனுப்ப, வெளியே இருக்கும் மனநல மருத்துவரோ என்னைப் போன்றவரோ குறிப்பிட்ட நேரத்தில் அவரோடு முப்பது நாற்பது நிமிஷம் பேசுவது. ஒரு தடவையோடு முடிகிற சமாச்சாரம் இல்லை, வாரத்துக்கு ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ தொடர்ந்து நடக்க வேண்டும். அந்தத் தொடர்ச்சி இல்லாவிட்டால் அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சிக்கல் என்னவென்றால் இந்த மூன்றுமே பெரும்பாலும் ஒரே அறையில், ஒரே கேமரா முன்னால் நடக்கின்றன. முதல் தடவை திரைக்கு வரும் ஆள் நாற்காலியில் உட்காரவே மாட்டார், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏனென்றால் அந்தத் திரையில் அவர் அதுவரை பார்த்த முகம் மாஜிஸ்ட்ரேட் முகம்தான். 'உட்காருங்க அண்ணே, நான் கோர்ட் இல்ல' என்று சொல்லி அவரை நம்பவைக்கவே முதல் பத்து நிமிஷம் போய்விடும்.

எதுக்கு வீடியோ? கீழ்ப்பாக்கம் பக்கம்தானே, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் என்ன?

நியாயமான கேள்விதான். 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகம் இன்றைக்கும் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையாக நடக்கிறது. புழலிலிருந்து அதிக தூரமில்லை, ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் சிறைவாசிக்கு ஆட்டோ கிடையாது. அவரை வெளியே அழைத்துப் போக வழிக்காவல் வேண்டும், அதற்கு ஆயுதப்படை போலீஸ் வர வேண்டும். ஊரில் ஒரு மாநாடு, கிரிக்கெட் மேட்ச், தலைவர் வருகை என்று பந்தோபஸ்து போட்டால் அன்றைக்கு வழிக்காவல் கிடைக்காது, அப்பாயின்ட்மென்ட் போய்விடும். கிடைத்த நாளிலும் காலையில் கிளம்பி, வண்டியில் மற்றவர்களோடு கோர்ட் கோர்ட்டாகச் சுற்றி, ஓ.பி. வரிசையில் இரண்டு பக்கமும் போலீஸ் நிற்க உட்கார்ந்து, டாக்டரிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் என்னிடம் சொன்னார், 'மேடம், ஜெயில்ல நான் நானூறு பேர்ல ஒருத்தன், அங்க நான் ஒருத்தன்தான் கைதி' என்று. அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பல சிறைகள் ஊருக்கு வெகு தூரத்தில் இருப்பதால், கால்வெஸ்டன் நகரிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனை 1994-லிருந்தே சிறைவாசிகளை வீடியோவில் பார்த்து வருகிறது. அங்கே 1976-இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், கைதியின் நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது கொடூர தண்டனைக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் எப்படியாவது டாக்டரைக் கண்ணில் காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இருந்தது.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இருக்கிறது. அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஊர் ஊராக அனுப்பி, அதற்குள் திரை வைத்து, சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரோடு பேச வைத்தது. நோயாளி பஸ்ஸுக்குள் திரை முன்னால் தனியாக விடப்படவில்லை, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு ஆள் உதவிக்கு இருந்தார். எனக்கு அந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அந்தப் பக்கத்து ஆள்தான். சிறையில் நமக்கு இல்லாததும் அந்த ஆள்தான்.

திரையைப் பார்த்து மனசு விட்டுப் பேச வருமா?

வரும், நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. வீட்டில் அம்மாவிடம் சொல்லாததை முன்பின் தெரியாத சலூன்காரரிடம் சொல்கிறோம் இல்லையா, அப்படித்தான். சில பேருக்கு எதிரே ஆள் நேரில் இல்லாததே சௌகரியமாக இருக்கிறது. அழுதால் திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஆனால் நான் இழப்பது நிறைய. கேமரா பெரும்பாலும் சுவரில் உயரமாக மாட்டியிருக்கும், எனக்கு உச்சந்தலையும் நெற்றியும்தான் தெரியும். கால் ஆடுகிறதா, விரலைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியிருக்கிறாரா, குளித்தாரா, முழங்கையில் புதிதாகக் கீறல் இருக்கிறதா, எதுவும் தெரியாது. அதனால் வெட்கப்படாமல் கேட்டுவிடுவேன், 'கையை நீட்டுங்க, ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டுங்க' என்று.

இன்னொன்று, யாரும் 'எனக்கு மன அழுத்தம்' என்று வந்து உட்காருவதில்லை. 'தலை பாரமா இருக்கு', 'நெஞ்சு படபடன்னு அடிக்குது', 'லாக்கப் ஆனதும் ஒரே யோசனை', 'விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது' என்பார்கள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் பூட்டிய பிறகு மறுநாள் காலை வரைக்கும் உள்ள அந்த நேரத்தைப் பற்றிக் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

நாங்கள் பேசுவதை யார் யார் கேட்பார்கள்?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமான கேள்வி இது. இதைக் கேட்காமல் 'நெட் ஸ்பீடு எவ்வளவு வேணும்' என்று ஆரம்பிக்கிற அதிகாரிகளிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சிறையில் இருப்பதால் அந்த உரிமை போய்விடுவதில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து நேராமல் தடுக்க, கோர்ட் கேட்டால் என்று சில விதிவிலக்குகள் உண்டு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? அறைக்கதவு திறந்திருக்கும். வார்டர், அதாவது சிறைக் காவலர், வாசலில் நிற்பார், அது அவர் வேலை, அவரைக் குறை சொல்ல முடியாது, இந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் சஸ்பெண்ட் ஆவது அவர்தான். அதோடு ஸ்பீக்கரில் ஒலி அலறும். நான் 'வீட்டுக்காரம்மா பத்தி யோசிக்கிறீங்களா' என்று கேட்பது வராண்டா முழுக்கக் கேட்கும். ஒரு சிறையில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு யாரோ பிளாக்கில், அதாவது கைதிகளைப் பூட்டி வைக்கும் கட்டடத்தில், போய்ச் சொல்ல, அந்தப் பையனுக்கு 'கீழ்ப்பாக்கம்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. என் தப்பும் அதில் உண்டு, அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லாமல் பேச ஆரம்பித்தவள் நான்தான்.

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட வழக்கங்களைச் சொல்கிறேன். ஹெட்போன் இல்லாமல் ஆரம்பிப்பதில்லை, குறைந்தபட்சம் என் கேள்வியாவது வெளியே கேட்காது. முதலில் லேப்டாப்பையோ கேமராவையோ ஒரு சுற்று சுற்றிக் காட்டச் சொல்வேன். கதவில் கண்ணாடி இருந்தால் ரொம்ப நல்லது, வார்டர் பார்க்கலாம், ஆனால் கேட்க முடியாது. 'கண்ணுக்குத் தெரியட்டும், காதுக்குக் கேட்க வேண்டாம்' என்று அதிகாரிகளிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருக்கிறேன், சில பேர் புரிந்துகொண்டு நாற்காலியை ஆறடி தள்ளிப் போட்டார்கள். அப்புறம், சங்கடமான விஷயங்களை ஆமாம் இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி கேட்பேன். ஆளுக்கொரு ரகசிய வாக்கியம் உண்டு. 'இன்னைக்கு வெயில் ஜாஸ்தி மேடம்' என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது, பேச்சை மாற்றுங்கள் என்று அர்த்தம். மழை கொட்டும் நவம்பரில் ஒருவர் அதைச் சொல்லிவிட்டார், இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதிவு செய்வார்களா?

நான் பதிவு செய்வதில்லை. அந்தப் பக்கம் ஏதாவது பதிவாகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வேன். அறையில் சிசிடிவி இருந்தால் அதில் ஒலியும் ஏறுமா என்பதையும் கேட்க வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

வழக்கைப் பற்றிப் பேசலாமா? 'ஆமாம், நான்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டால்?

வக்கீலிடம் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. டாக்டரிடமோ உளவியலாளரிடமோ சொல்வதற்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு நம் நாட்டில் இல்லை. கோர்ட் சம்மன் அனுப்பினால் நான் போய் நிற்க வேண்டும். ஆகவே விசாரணைக் கைதியாக இருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: அன்றைக்கு என்ன நடந்தது என்ற கதை எனக்கு வேண்டாம், அதை வக்கீலிடம் சொல்லுங்கள், அதற்கப்புறம் உங்களுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை என்னிடம் சொல்லுங்கள். குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் பற்றித் தெரிய வந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி நான் தகவல் சொல்லியே ஆக வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இந்த எச்சரிக்கையை முதலில் சொன்னால் ஆள் வாயை மூடிக்கொள்வார் என்று சில சக உளவியலாளர்கள் சொல்வார்கள். சில பேர் மூடிக்கொள்வார்கள்தான். ஆனால் சொல்லாமல் வாயைத் திறக்க வைத்துவிட்டு அப்புறம் கோர்ட்டில் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீடியோவை நம்பவே கூடாத நேரம் எது?

சில நேரங்களில் வீடியோவுக்கு வேலையே இல்லை, பக்கத்தில் ஆள்தான் வேண்டும்.

உள்ளே வந்த முதல் சில நாட்கள். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் கைதாகும்போது குடி திடீரென்று நின்றுபோகும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, அப்புறம் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், எங்கே இருக்கிறோம் என்பதே புரியாது. இதை 'ஜெயிலுக்கு வந்த பயம்' என்றோ 'நடிப்பு' என்றோ விட்டுவிட்டால் உயிரே போகலாம். இதற்கு ஊசி, மருந்து, ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டும், கவுன்சிலிங் வேண்டாம். கைதான நாளிலேயே 'இவர் தினமும் குடிப்பவர்' என்று வீட்டுக்காரர்கள் வெட்கப்படாமல் வக்கீலிடமும் சிறை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். குடும்ப மானத்துக்காக மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது, தற்கொலை எண்ணம் முற்றியவர். திரையில் பேசிப் பேசி இழுத்துப் பிடிக்கலாம், ஆனால் போன் வைத்த பிறகு அவரோடு யார் இருப்பார்கள் என்பது தெரியாமல் நான் வைக்க மாட்டேன். அதற்காக ஒரு நம்பர், ஒரு பெயர், ஒரு ஆள் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் சிறைகளில் இயற்கைக்கு மாறான மரணங்களில் பெரும்பங்கு தற்கொலைதான். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழுவின் அறிக்கைப்படி, 2017 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த 817 இயற்கைக்கு மாறான மரணங்களில் 660 தற்கொலைகள். தண்டனை அறிவித்த நாள், ஜாமீன் தள்ளுபடியான நாள், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த நாள், இந்த நாட்களின் ராத்திரியில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஜாமீன் தள்ளுபடியாகும் நாள் வக்கீலுக்குத் தெரியும், சிறை அலுவலகத்துக்குத் தெரியும், எனக்கு மட்டும் அடுத்த வாரம் பேசும்போதுதான் தெரிகிறது. இதை இன்னும் சரிசெய்ய முடியவில்லை.

முயற்சி செய்து பிழைத்தவர் மேல் புதுக் கேஸ் போடுவார்களா என்று பயப்படாதீர்கள். 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, அப்படிச் செய்தவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது.

அப்புறம், கேமரா மூலமாகத் தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று நம்பும் நோயாளி. அவரைக் கொண்டுவந்து கேமரா முன்னால் உட்கார வைப்பது எவ்வளவு அபத்தம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் உட்கார வைத்தார்கள்.

மாத்திரையையும் வீடியோவிலேயே எழுதித் தருவார்களா?

மனநல மருத்துவர் எழுதலாம். 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் அதற்கு இடம் தருகின்றன, எல்லா மருந்துக்கும் இல்லை, போதை சம்பந்தப்பட்ட சிலவற்றை இப்படி எழுதக்கூடாது. மாத்திரையைக் கையில் கொடுப்பது சிறை மருத்துவப் பிரிவு. மனச்சிதைவுக்கான சில மருந்துகளால் உடம்பு விறைத்துப்போகும், கை நடுங்கும், அதை ஒரு ஆள் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். லித்தியம் போன்ற மருந்துகளுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். எனவே உள்ளே ஒரு டாக்டரோ நர்ஸோ இல்லாமல் வெறும் திரையை வைத்துக்கொண்டு மருந்து சிகிச்சை நடத்த முடியாது.

தூக்க மாத்திரைக்காக நடிக்கிறார்கள் என்கிறார்களே?

நடிப்பவர்கள் உண்டு. உள்ளே தூக்க மாத்திரைக்கு விலை உண்டு, பீடிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத்தான் பல இடங்களில் டாக்டரோ நர்ஸோ பார்க்க விழுங்கச் சொல்கிறார்கள். ஆனால் பத்துப் பேரில் ஒருவர் நடிக்கிறார் என்று மீதி ஒன்பது பேரையும் விழித்திருக்க வைப்பது என்ன நியாயம்? நடிக்கிறவரிடமும் பேச வேண்டிய ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் வீட்டுப் பையனுக்கு இது கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர் என்றால் பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையின் அட்டை, எல்லாவற்றையும் நகல் எடுத்து சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவ அலுவலருக்கும் ஒரு கடிதத்தோடு கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையையே கையில் கொண்டுபோனால் வாசலில் வாங்க மாட்டார்கள், கோபப்பட்டுப் பயனில்லை. கடிதத்தில் 'மனநிலை சரியில்லை' என்று மொட்டையாக எழுதாமல் 'மூன்று நாளாகத் தூங்கவில்லை, யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறார், 2 வருஷத்துக்கு முன் இன்ன மாத்திரை சாப்பிட்டார்' என்று எழுதுங்கள்.

பதில் வரவில்லை என்றால் வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே வக்கீல் மூலம் சிகிச்சை கேட்டு மனு போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண் இருக்கிறது. மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு சென்னையில் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது.

பிடித்துக்கொள்ள 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 103-ஆவது பிரிவு இருக்கிறது. மனநோய் உள்ள சிறைவாசியை சிறை மருத்துவப் பிரிவின் மனநல வார்டுக்கோ, அது இல்லையென்றால் உரிய அனுமதியோடு மனநல மருத்துவமனைக்கோ மாற்ற வேண்டும், மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு அமைக்க வேண்டும் என்கிறது அது. அதே பிரிவில் ஒரு வேடிக்கை, சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'இங்கே மனநோயாளி யாரும் இல்லை' என்று சான்று அனுப்ப வேண்டுமாம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் கொஞ்சம் உபயோகமாக இருந்திருக்கும்.

2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 1,382 சிறைகளின் நிலை பற்றிய வழக்கில், குறிப்பாக முதல் தடவை சிறைக்கு வருபவர்களுக்குக் கவுன்சிலிங் தரும் ஆட்களை நியமிக்கச் சொன்னது. கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கவுன்சிலிங் போனால் 'மெண்டல்' என்று ரெக்கார்டில் ஏறி ஜாமீன் கெட்டுப்போகுமா?

கவுன்சிலிங் போனதாலேயே ஜாமீன் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் ஒருவர் இருக்கிறாரா என்று கோர்ட் கேட்டு டாக்டர் பரிசோதிப்பது ஒன்று, அதன் அறிக்கை கோர்ட்டுக்குப் போகும். சிகிச்சைக்காகப் பேசுவது வேறொன்று. திரையில் வருபவர் எந்த வேலைக்காக வந்திருக்கிறார் என்று உங்கள் ஆள் முதலிலேயே கேட்கலாம், கேட்க வேண்டும்.

தப்பு செய்தவனுக்கு எதுக்கு இவ்வளவு சொகுசு?

இந்தக் கேள்வி பெரும்பாலும் என் சொந்தக்காரர்களிடமிருந்து, கல்யாண வீட்டுப் பந்தியில் வரும். 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேலே. அவர்கள் தப்பு செய்தார்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை. சாம்பார் ஊற்றச் சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

உள்ளே இருந்து 14416-க்குப் போன் போட முடியுமா?

அது மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில். உள்ளே இருப்பவர் நினைத்த நேரத்துக்கு எந்த எண்ணுக்கும் போன் போட முடியாது. ஆனால் வெளியே இருக்கும் நீங்கள் போடலாம். உள்ளே இருப்பவரைப் பற்றிக் கவலைப்பட்டு மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாத அம்மாவுக்கும் அந்த எண் பொருந்தும்.

பெண்கள் சிறையில் எப்படி?

ஆண்களைத் தேடி மனு பார்க்க அம்மா வருவார், பெண்டாட்டி வருவார். பெண்களைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வீடியோவில் அவர்கள் பேசுவது முக்கால்வாசி பிள்ளைகளைப் பற்றித்தான். ஆறு வயது வரைக்கும் குழந்தை அம்மாவோடு உள்ளேயே இருக்கலாம், அதற்குமேல் வெளியே அனுப்ப வேண்டும். அந்தப் பிறந்தநாள் நெருங்கும் மாதங்களில் ஒரு தாய்க்கு எது கவுன்சிலிங் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாடப் புத்தகத்தில் உள்ள எந்த முறையும் அங்கே கைகொடுக்கவில்லை, கூட இருந்து கேட்டேன், அவ்வளவுதான். குழந்தை மடியில் இருந்தபடியே திரைக்கு வரும், ஹெட்போனைப் பிடித்து இழுக்கும்.

நான் சைக்காலஜி முடித்திருக்கிறேன். இந்த வேலைக்கு வரலாமா?

வாருங்கள். ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு சிறைக்குள் போகக்கூடாது. வீடியோவில் ஆரம்பிக்கும் முன் ஒரு தடவையாவது நேரில் உள்ளே போய்ப் பாருங்கள், அந்தக் கதவு பின்னால் சாத்தும் சத்தம், வி.சி. ரூமின் வெக்கை, பிளாக்கிலிருந்து அறைக்கு நடந்து வரும் தூரம், இதெல்லாம் தெரியாமல் திரையில் பேசினால் நீங்கள் வேறு ஊர்க்காரர்.

'கண்ணை மூடுங்க, உங்களுக்குப் பிடிச்ச இடத்தை நினைச்சுக்கோங்க' வகைப் பயிற்சியைத் தெரியாத்தனமாகத் தொடங்காதீர்கள். நாற்பது பேர் இருக்கும் இடத்தில் கண்ணை மூடுவது சில பேருக்குப் பாதுகாப்பில்லாத காரியம். நாட்குறிப்பு எழுதச் சொல்லாதீர்கள், தலையணைக்கு அடியில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். மூச்சுப் பயிற்சி, தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவது, கோபம் ஏறும் முன் உடம்பு தரும் அறிகுறியைக் கண்டுபிடிப்பது, குடியை விடுவது பற்றி அவர் வாயாலேயே காரணம் சொல்ல வைப்பது, இவையெல்லாம் திரையிலும் நன்றாக வேலை செய்கின்றன. பழைய காயத்தை, சின்ன வயதுக் கொடுமையை, நாற்பது நிமிஷத்தில் கிளறிவிட்டு 'டைம் ஆச்சு, அடுத்த வாரம் பார்ப்போம்' என்று திரையை அணைப்பது பாவம். அவர் அதைத் தூக்கிக்கொண்டு பிளாக்குக்குத்தான் போக வேண்டும்.

நெட் போகும், கரண்ட் போகும். ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது படம் உறைந்து நின்றால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, பத்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், நான் அலுவலக லேண்ட்லைனுக்குக் கூப்பிடுவேன். கோர்ட் வி.சி. நீண்டுவிட்டால் உங்கள் நேரத்தைத்தான் வெட்டுவார்கள், காத்திருக்கப் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் 'இன்று ரத்து' என்பதை உள்ளே இருப்பவருக்கு யாராவது சொன்னார்களா என்று விசாரிக்காமல் லேப்டாப்பை மூடாதீர்கள். அவர் வராண்டாவில் நின்றுகொண்டிருப்பார்.

விடுதலை ஆனதும் அதே ஆளோடு தொடர முடியுமா?

இங்கேதான் எங்கள் நூல் அறுந்துபோகிறது. ஜாமீன் உத்தரவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, சாயங்காலம் உத்தரவு வந்து ராத்திரி ஏழு எட்டு மணிக்கு வெளியே விடுவார்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், அதில் மாத்திரை இருக்காது. வேறு சிறைக்கு மாற்றினாலும் இதே கதை, சேலமோ வேலூரோ போய்ச் சேர்ந்தபின் யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும். சில பேரோடு போனில் தொடர்ந்திருக்கிறேன், முக்கால்வாசிப் பேர் வெளியே வந்ததும் ஜெயில் சம்பந்தப்பட்ட எதையும், என்னையும் சேர்த்துத்தான், திரும்பிப் பார்க்க விரும்புவதில்லை.

அதனால் இப்போது இரண்டாவது சந்திப்பிலேயே, விடுதலை தேதியே தெரியாதபோதும், ஒரு துண்டுச் சீட்டு எழுதச் சொல்கிறேன். சாப்பிடும் மாத்திரையின் பெயரும் அளவும், வீட்டில் யாராவது ஒருவரின் நம்பர், 14416, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியின் பெயர். சட்டைப் பையில் வைத்தால் துவைக்கும்போது போய்விடுகிறது என்று ஒருவர் அதை மனைவிக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பிவிட்டார். உங்களுக்கும் அப்படி ஒரு சீட்டு வந்திருந்தால் பத்திரமாக வையுங்கள். அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், மத்தியானம் போனால் ஓ.பி. மூடியிருக்கும்.